மூலையில் மஞ்சள் வைத்த துணி

1

இது நாசி லெமாக் பொட்டலம் ஒன்றுக்காக நான் ஒப்புக்கொண்ட கதை.

ஜோகூர் பாருவை ஒட்டிய தம்போயில் எங்கள் எதிர்வீட்டு ஐலீன், செனாய் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி. ஜப்பான் முதலாளி, சீன மேலாளர், மலாய் மேற்பார்வையாளர், நம் ஆட்கள், நேப்பாளத்துப் பிள்ளைகள், எல்லாரும் அங்கே ஒரே கூரைக்குக் கீழ். பல நாட்டாரோடு ஒத்து வேலை செய்வது எப்படி என்று அவர்களை உட்காரவைத்து ஒரு நாள் பயிற்சி கொடுக்கப் போகிறாளாம்.

"அங்கிள், நீங்கதான் பழைய கதையெல்லாம் அளப்பீங்களே. ஜப்பான்காரங்ககூட நம்ம ஆளுங்க அந்தக் காலத்துல எப்படி வேலை செஞ்சாங்கன்னு ஒரு பத்து நிமிஷம் பேசுங்க. ஹேப்பியா முடியணும். சாவு கீவு வேணாம் லா."

"சோறு உண்டா?"

"நாசி லெமாக். கோழியோட."

கதை பிறந்த இடம் இதுதான். இதைவிட உயர்ந்த காரணம் எதையும் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். நடந்தது ஜப்பான்காரர்கள் இங்கே வந்து ஆண்ட காலத்தில், காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். நான் பிறக்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது. கையில் வேறு வேலை இல்லாததால் எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2

முதல் தொடக்கம்: "காஹாங் காட்டில் பொழுது புலர்ந்தது. பறவைகள்

(நிறுத்திவிட்டேன். பறவைகளுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.)

இரண்டாவது: "போர் என்பது மனித குலம் தன் மீதே

(எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. உங்களுக்கு வராமலா இருக்கும்?)

மூன்றாவது: "அமலதாஸுக்கு நான்கு மொழிகள் தெரியும். நான்கிலும் அவனுக்குப் பயமாக இருந்தது."

இது இருக்கட்டும்.

அமலதாஸ் தோட்டத்துக் கிராணி, கணக்கு எழுதுகிறவன். ஜோகூர் பாருவில் கன்னியாஸ்திரிகள் எடுத்து வளர்த்த பிள்ளை. தமிழும் ஆங்கிலமும் அவர்கள் கொடுத்தவை. மலாய் தெருவில் ஒட்டிக்கொண்டது. ஜப்பானிய மொழியை, வெள்ளைக்கார துரை தட்டில் பாதி முட்டையை வைத்துவிட்டுச் சிங்கப்பூருக்கு ஓடிப்போன பிறகு, அவசரமாகக் கற்றான். துரை போனார், ரப்பரை வாங்குகிறவன் இல்லாமல் போனான், மரங்கள் நின்றன, மரத்தடியில் ஆட்கள் நின்றார்கள்.

ஜப்பானிய மரக் கம்பெனி ஒன்று தோட்டத்தை எடுத்துக்கொண்டது. காட்டோரத்தில் டான் ஆ செங் என்ற தவுக்கேயின், சீன முதலாளியின், மர ஆலை இருந்தது, அதையும் எடுத்துக்கொண்டது. நிர்வாகியாக மொரிதா வந்தார். படைவீரர் அல்ல, வியாபாரி. போருக்கு முன்பே ஜோகூரில் ரப்பர் தோட்டம் பார்த்தவர். சந்தை மலாய் பேசுவார்.

வந்த முதல் நாளே அவர் அமலதாஸிடம் சொன்னது இது: தண்டவாளத்துக்கு அடியில் கிடத்தும் கட்டைகள் வேண்டும். மாதம் முடிவதற்குள் ராணுவம் கேட்ட அளவு போய்ச் சேர்ந்தால், இந்தத் தோட்டத்து ஆட்கள் 'மர வேலைக்காரர்' என்ற பெயரில் இங்கேயே இருக்கலாம். சேராவிட்டால் லாரி வரும். லாரி வடக்கே சயாமுக்குப் போகும். அங்கே ரயில் பாதை போடுகிறார்கள்.

சயாம் என்ற சொல்லுக்கு அமலதாஸ் விளக்கம் கேட்கவில்லை. பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஏறிப்போனவர்கள் எவரிடமிருந்தும் ஒரு சேதியும் வந்திருக்கவில்லை.

3

இப்போது ஐலீனுக்குப் பிடித்த பகுதி. வெவ்வேறு பழக்கமுள்ளவர்கள் ஒன்றாக வேலை செய்வது.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ரப்பர் பால் வெட்டி மத்தியானத்துக்குள் வீடு திரும்பிப் பழகியவர்கள் நம் ஆட்கள். வெயில் உச்சிக்கு வந்ததும் அவர்கள் கால்கள் தாமாகவே குடியிருந்த லயத்தைப் பார்த்து நடந்தன. டானின் ஆட்கள் அறுத்த மரத்துக்குக் கூலி வாங்கும் குத்தகைக்காரர்கள்; வேலை இருந்தால் இருட்டும்வரை அறுப்பார்கள், இல்லையென்றால் சீட்டாடுவார்கள். மொரிதாவோ காலையில் எல்லாரும் வரிசையாக நின்று, கையைக் காலை ஆட்டி, தங்கள் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்கே பார்த்துக் குனிய வேண்டும் என்றார்.

நம் ஆட்களுக்குக் கிழக்கே கும்பிடுவதில் சங்கடம் இல்லை. சூரியன் யாருடையது என்று அவர்கள் கேட்டதே இல்லை. டானுக்கு முடியாது. அவன் தம்பியை, ஜப்பான்காரர்கள் வந்த புதிதில், விசாரிக்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரணை இன்னும் முடியவில்லை.

அமலதாஸ் யோசித்தான். பிறகு மொரிதாவிடம் போய், ஆலையின் கொதிகலனைச் சரியாக அந்த நேரத்தில் மூட்டினால்தான் நீராவி பிடிக்கும் என்றான். அன்று முதல் எல்லாரும் குனியும்போது டானும் அவன் ஆட்களும் கொதிகலனுக்குப் பின்னால் நின்றார்கள். மொரிதா அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை. அவருக்குத் தெரியும் என்று அமலதாஸுக்குத் தெரியும்.*

* அவர்கள் இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதாக ஒரு காட்சி எழுதினேன். கிழித்துவிட்டேன். பேசியிருந்தால் கெட்டிருக்கும்.

இன்னும் சிலவற்றை அவன் கற்றான். மொரிதா "முடியாது" என்று சொல்லமாட்டார். பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுவார். அதுதான் முடியாது. நம் கங்காணி அய்யாவுவும் முடியாது என்று சொல்லமாட்டார். "சரிங்க, பாத்துக்கலாங்க" என்பார். அதுவும் முடியாதுதான். டான் மட்டும் முடியாது என்றால் முடியாது என்பான். அதற்கு அர்த்தம், பேரம் ஆரம்பம். மூன்று பேரின் நடுவில் நின்று, யாரும் சொல்லாததை எல்லாருக்கும் மொழிபெயர்ப்பதே அமலதாஸின் வேலை.

இன்னொன்று. மொரிதா லயத்துக்கு வந்தால் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வருவார். பழைய துரை சாமி கும்பிடும் மூலைவரை பூட்ஸோடு போனவர். கங்காணியின் அக்கா கருப்பாயி, தாலி இழந்தவள், நாக்கு இழக்காதவள், இதைப் பார்த்து அசந்துபோனாள்.

"அடேயப்பா, இவரு நம்ம சாதிசனம் மாதிரில்ல இருக்காரு!"

ஆபத்து அங்கேதான் ஆரம்பித்தது என்பது என் கட்சி. வேறு மாதிரி இருப்பவனிடம் நாம் ஜாக்கிரதையாக இருப்போம். நம்மைப் போலவே சப்பாத்தைக் கழற்றுகிறவனிடம் அசந்துவிடுவோம்.

4

கட்டைகள் வரத் தொடங்கின. ஆனாலும் பின்தங்கியிருந்தார்கள். மாதம் பாதியைத் தாண்டியிருந்தது.

ஒரு மாலை மொரிதா அமலதாஸைத் தன் பங்களாவுக்கு அழைத்தார். தரையில் மடித்து வைத்த வெள்ளைத் துணிப் பட்டைகள். துணியே கிடைக்காத காலம் அது. ஆட்கள் கோணிச்சாக்கைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். மொரிதா தன் படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, ஊரிலிருந்து கொண்டுவந்த நல்ல சட்டைகள் எல்லாவற்றையும் கிழித்திருந்தார். உட்கார்ந்து ஓரங்களைத் தானே தைத்தும் இருந்தார்.

"எங்கள் ஊரில்," என்றார் மொரிதா, "பெரிய வேலை செய்யும்போது இதை நெற்றியில் கட்டுவோம். மனசு ஒன்றாகும். எல்லாருக்கும் என் கையால் கொடுக்க வேண்டும்."

அமலதாஸ் ஒரு பட்டையை எடுத்து நெற்றியில் வைத்துப் பார்த்தான். அவனுக்கு வெள்ளை என்றால் ஞானஸ்நானம். புதுநன்மை. மாதா கோயிலில் மணப்பெண். அவன் ஒரு நொடியும் தயங்கவில்லை. பார்வையிழந்தவனுக்கும் தெரிய வேண்டிய ஒன்று அவனுக்குத் தெரியவில்லை. கன்னியாஸ்திரிகளின் பாடத்திட்டத்தில் அது இல்லை.

மறுநாள் மாலை எல்லாரையும் வரிசையில் நிறுத்தினான். மொரிதா ஒவ்வொருவர் முன்னும் குனிந்து, இரண்டு கையாலும் துணியைக் கொடுத்தார். ஒருவரும் பேசவில்லை. அமலதாஸ் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டான். டான் மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டு மலாயில் கேட்டான்:

"யார் செத்தது?"

"யாரும் சாகலையே."

"அப்ப இனிமேலா?"

மறுநாள் காலைப் பெரட்டில், ஆள் எண்ணுகிற இடத்தில், ஆளே இல்லை.

5

அவர்கள் காட்டு ஓரத்து முனியாண்டி கோயில் முன்னால் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தார்கள். அமலதாஸ் மூச்சிரைக்க ஓடினான். காட்டுக்குள் போனால் ராணுவம் தேடி வரும். கண்ட இடத்தில் சுடும்.

"என்ன கங்காணி இது?"

அய்யாவு முகம் கொடுக்கவில்லை. "நீங்க படிச்சவங்க. ஒங்களுக்குத் தெரியாததா?"

"சத்தியமாத் தெரியல."

கருப்பாயி எழுந்து வந்து துணியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது என்ன?"

"தலையில கட்டுற துணி."

"கோடி! புதுசா, வெள்ளையா, ஒரு பொட்டு மஞ்ச இல்லாம கொண்டாந்து கையில குடுத்தா அது கோடி. எம் புருசன் செத்தன்னிக்கு இப்படித்தான் எங்கண்ணன் கொண்டாந்து போட்டான். வேதக்காரவங்களுக்கு வெள்ளைன்னா கல்யாணம். எங்களுக்கு வெள்ளைன்னா வாசல்ல பாடை. நேத்து அந்த ஆளு குனிஞ்சு குனிஞ்சு ஒவ்வொருத்தருக்கும் பாடை கட்டிட்டுப் போறாரு, நீங்க பக்கத்துல நின்னு சிரிக்கிறீங்க!"

"அப்படி இல்லம்மா. மரியாதைக்குக் குடுத்தது."

"சாவுக்கும் மரியாதையாத்தான் குடுப்பாங்க," என்றார் அய்யாவு. "சயாம் லாரி வருது. அதைச் சொல்ல அவருக்கு வாய் வரல. துணியைக் குடுத்துட்டாரு."

அமலதாஸ் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். (இங்கே அவன் அழுதான் என்று எழுதி, அடித்துவிட்டேன். அழ நேரமில்லை.) பிறகு ஒரு சந்தேகம் வந்தது.

"தீபாவளிக்கு எடுக்கிற வேட்டியும் வெள்ளைதானே? அதை மட்டும் எப்படிக் கட்டுறீங்க?"

"அதுக்கு மூலையில மஞ்ச வைப்போம்ல," என்று கருப்பாயி சொல்லிவிட்டுச் சட்டென்று வாயை மூடினாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

லயத்துக்குப் பின்னால் அவளே மஞ்சள் பயிர் போட்டிருந்தாள். ஆனால் அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். "நாங்களா வச்சுக்கிட்டா அது எங்க மனச் சமாதானத்துக்கு. குடுத்தவரு கையால வைக்கணும். அப்பத்தான் அவரு சாவு குடுக்கலன்னு அர்த்தம்."

அமலதாஸ் பங்களாவுக்குப் போனான். வழியெல்லாம் பொய்களைத் தயார் செய்தான். பூச்சி கடிக்காமல் இருக்க மஞ்சள். காய்ச்சலுக்கு மஞ்சள். இந்திய யுத்த தெய்வத்துக்கு மஞ்சள். படியேறியதும் எல்லாம் மறந்துபோயின.

"துவான், எங்கள் வழக்கத்தில் நீங்கள் எல்லாருக்கும் சவத்துணி கொடுத்துவிட்டீர்கள். சீனர் வழக்கத்திலும் அதுதான். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை."

அமலதாஸ் மஞ்சளைப் பற்றிச் சொன்னான். மொரிதா பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினார்.

அதற்கு அர்த்தம் அமலதாஸுக்குத் தெரியும். வெள்ளை என்பது அவருக்குக் கறையில்லாத மனசு. அதில் போய் மஞ்சள் கறையா? வழக்கமாக இந்தச் சத்தம் கேட்டதும் அவன் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிடுவான். அன்று திரும்பவில்லை. நின்றான். நெடுநேரம் நின்றான்.

"எங்கள் ஊரிலும்," என்றார் மொரிதா கடைசியில், அமலதாஸ் என்ற பெயரைத் தன் நாக்குக்கு வளைத்து, "செத்தவருக்கு வெள்ளைதான் உடுத்துவோம், அமரா-சான். தைக்கும்போது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. கட்டுகிற விதம் வேறு என்பதால் துணியும் வேறு என்று நினைத்துவிட்டேன்."

அவர் கோயிலுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். கருப்பாயி நீட்டிய கிண்ணத்தில் கட்டைவிரலைத் தொட்டு, முதலில் தன் துணியின் மூலையில் வைத்தார். பிறகு அவரவர் துணியில். டான் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய், சீனருக்கு மங்கலமான சிவப்பு நூல்கண்டோடு திரும்பி வந்தான். அவன் ஆட்களின் துணியில் சிவப்பு நூல் ஏறியது. அதை மட்டும் அவன் மொரிதாவின் கையில் கொடுக்கவில்லை, தானே கட்டினான்.

6

வேலை பறந்தது. வெயிலுக்கு முன் நம் ஆட்கள் வெட்டினார்கள்; வெயிலுக்குப் பின் டானின் ஆட்கள் அறுத்தார்கள்; மொரிதா காலை வரிசையைச் சீக்கிரமே கலைத்து நேரம் கொடுத்தார். மரம் இழுத்த யானைக்கும் துணி கட்டினார்கள். அது ஒரு நாள் காலை கிழக்கே பார்த்துக் குனிந்தது. காவலுக்கு நின்ற சிப்பாய் பதிலுக்குக் குனிந்தான். யானை மறுபடி குனிந்தது. யார் முதலில் நிறுத்துவது என்று தெரியாமல் இருவரும் மத்தியானம்வரை நின்றார்கள். அன்று இழுக்க வேண்டிய மரத்தை டானே இழுத்தான். (இதை நம்பாதவர்கள் காஹாங்கில் விசாரிக்கலாம். இன்றைக்கு அங்கே யானையும் இல்லை, சிப்பாயும் இல்லை என்பதே போதுமான சாட்சி.)

ஐலீன் இத்தோடு கதையை முடித்துக்கொள்ளச் சொன்னாள். "போதும் அங்கிள்! சூப்பர். மஞ்சள், சிவப்பு நூல், டீம்வொர்க். ஸ்லைடு போட்டுடுறேன்."

நானும் முடித்திருப்பேன். ஆனால் மொரிதாவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். இவர் இவ்வளவு நல்லவராக ஏன் இருக்கிறார்? ஐலீனின் முதலாளி முன்னால் உட்கார்ந்திருப்பார் என்பதாலா? டானின் வம்சத்தில் யாராவது அந்தக் கூடத்தில் இருந்தால் இந்தக் குனிதலையெல்லாம் கேட்டு எழுந்து போய்விடமாட்டார்களா? மொரிதாவைக் கெட்டவராக்கி ஒரு முறை எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அவர் கெட்ட காரியத்தை நன்றாகச் செய்தவர்.

எது அந்தக் காரியம் என்று டான்தான் கேட்டான், கட்டை ஏற்றிய லாரி கிளம்பும்போது.

"கிராணி, இது எங்கே போகுது?"

"குளுவாங் ஸ்டேஷனுக்கு."

"அங்கேயிருந்து?"

அமலதாஸ் லாரியின் பின்கதவைத் தாழிட்டான். கட்டையின் மேல் உட்கார்ந்திருந்த அய்யாவு சொன்னார்.

"வடக்கே. எனக்குத் தெரியும் கிராணி. நம்ம கட்டை மேலதான் அந்த ரயிலு படுக்கப்போகுது. பக்கத்துல பத்துத் தோட்டத்து ஆளுங்களும் படுப்பாங்க."

"தெரிஞ்சுமா வெட்டினீங்க?"

"வெட்டலன்னா நம்ம பிள்ளைங்க படுக்கும். என்ன செய்யச் சொல்றீங்க? சொல்லுங்க, செய்யறேன்."

அமலதாஸுக்குத் தெரிந்த நான்கு மொழிகளிலும் அதற்குச் சொல் இல்லை. லாரி போனது. அடுத்த லாரிக்கு மரம் வெட்ட எல்லாரும் எழுந்தார்கள். மூன்று இனமும் ஒருவர் குறிப்பை ஒருவர் அறிந்து, அவ்வளவு அழகாக வேலை செய்தார்கள்.

(இந்தப் பகுதியை ஐலீனுக்குப் படித்துக் காட்டவில்லை.)

7

மாதம் முடிவதற்கு முன்பே கட்டைகள் போய்ச் சேர்ந்தன. குளுவாங்கிலிருந்து வாள் கட்டிய அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார்.

எல்லாரும் வரிசையில் நின்றார்கள், நெற்றியில் துணியோடு. அதிகாரி மஞ்சளையும் சிவப்பு நூலையும் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஆலையைப் பார்த்தார். அடுக்கிய மரத்தைப் பார்த்தார். இந்தச் சீமையில் எந்தத் தோட்டமும் கணக்கை முடிக்கவில்லை, இது ஒன்றுதான். மொரிதாவின் முகத்தில் ஒரு பெருமை வந்துகொண்டிருந்தபோது அதிகாரி சொன்னார்: வடக்கே நன்றாக வேலை செய்கிறவர்கள்தான் வேண்டும். நோஞ்சான்களையும் சோம்பேறிகளையும் அனுப்பி அலுத்துவிட்டது.

மொரிதாவின் முகத்தில் வந்துகொண்டிருந்தது நின்றது.

"வியாபாரி தன் சரக்கைப் பற்றி என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும்," என்று அதிகாரி மொரிதாவைக் கையால் ஒதுக்கிவிட்டு அமலதாஸின் முன்னால் வந்தார். "நீ சொல். இவர்கள் நல்ல வேலைக்காரர்களா?"

இங்கே நான் பேனாவைக் கீழே வைத்தேன். மூன்று முறை எடுத்தேன்.

முதல் முடிவு. அமலதாஸ், "நல்லவர்கள்" என்கிறான். உண்மை. லாரி வருகிறது. துணி கட்டிய தலைகள் வரிசையாக ஏறுகின்றன.

இரண்டாம் முடிவு. அவன், "உதவாக்கரைகள்" என்கிறான். அதிகாரி அடுக்கியிருக்கும் மரத்தைத் திரும்பிப் பார்க்கிறார். பொய் சொன்ன கிராணிக்கு அந்த இடத்திலேயே ஒரு முடிவு. உதவாக்கரைகளுக்கு இங்கே என்ன வேலை? லாரி வருகிறது.

மூன்றாம் முடிவைக் கேட்டால் ஐலீன் கை தட்டுவாள். அவன் சொல்கிறான்: "தனித்தனியாக இவர்கள் ஒன்றுமில்லை. தமிழன் வெட்ட வேண்டும், சீனன் அறுக்க வேண்டும், மொரிதா-சான் நடுவில் நிற்க வேண்டும். பிரித்தால் வேலை நடக்காது." அருமையான பதில். எழுதிவிட்டு என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன். பிறகு அந்த அதிகாரியாக ஒரு நிமிடம் நின்று பார்த்தேன். "அப்படியென்றால் பிரிக்க வேண்டாம்," என்கிறார் அதிகாரி. "எல்லாரையும் ஏற்று." டானும் ஏறுகிறான். மொரிதாவும் ஏறுகிறார்.

நான்காவது ஒன்றை நான் கண்டுபிடிக்கவில்லை. என் வயதுக்கு எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், யானையைக் குனியவைத்திருக்கிறேன். இந்த ஆட்களை லாரியில் ஏற்றாமல் இருக்க ஒரு பொய் அகப்படவில்லை. பல நாட்டாரோடு பழகுவது பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மேலே இருக்கிறது. அது வேலையை நடத்திக்கொடுக்கும். எந்த வேலை என்று அது கேட்காது.

ஆகவே செனாய்க் கூடத்தில் உட்கார்ந்திருக்கப்போகிற ஐயா, அம்மா, இதை வேறெங்கோ வைத்துப் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள், இப்படி முன்னால் வாருங்கள். அமலதாஸ் கொஞ்சம் நகர்ந்துகொள்வான். அவன் நின்ற இடத்தில் நில்லுங்கள். உங்கள் வலது பக்கம் மொரிதா. அவரால் இனி ஒன்றும் செய்ய முடியாது. இடது பக்கம் அய்யாவு. அவருக்கு ஜப்பானிய மொழி தெரியாது. ஆனால் என்ன கேட்கிறார்கள் என்று தெரியும். உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அதிகாரி இரண்டாம் முறை கேட்டுவிட்டார்.

சொல்லுங்கள்.